எல்லா ஆமைக்கும் நீச்சல் தெரியாது

“ஆமைதானே டாக்டர்? தண்ணிதானே அதுக்கு வீடு?”

என் கிளினிக்கில் இந்தக் கேள்வி காதில் விழாத மாதமே இல்லை. கேட்கிறவர்கள் யாரும் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. பிள்ளை ஆசைப்பட்டானே என்று ஒரு நில ஆமைக் குட்டியை வாங்கி வந்திருப்பார்கள். அதற்குக் கீரை நறுக்கிப் போடுவார்கள், பெயர் வைப்பார்கள், இளவெயில் படும்படி பால்கனியில் நடக்க விடுவார்கள். பிறகு ஒருநாள், வெயிலில் காய்கிறதே என்று இரக்கப்பட்டு, வாளி நிறையத் தண்ணீர் பிடித்து அதற்குள் இறக்கிவிடுவார்கள். அந்த இரக்கமே அதன் உயிருக்கு உலை வைத்துவிடுகிறது.

நில ஆமை நீந்தாது. பழக்கினாலும் வராது. நீந்துவதற்கான உடம்பே அதற்கு இல்லை.

ஆமையைக் கையில் எடுத்ததும் எல்லோரும் ஓட்டைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் காலைப் பார்க்கச் சொல்வேன். கடலாமையின் கால் நீண்டு தட்டையாகி, துடுப்பாகவே மாறியிருக்கும். ஏரி, குளத்து ஆமைக்கு விரல்கள் தனித்தனியே தெரியும். விரல்களுக்கு நடுவில் சவ்வு இருக்கும். கடைகளில் கண்ணாடித் தொட்டியில் வைத்து விற்கிறார்களே, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள பச்சைக் குட்டி, அது இந்த ரகம்தான். நில ஆமையின் பின்னங்காலோ யானையின் காலைச் சிறிதாக்கி வைத்ததுபோல் உருண்டு தடித்திருக்கும். நகங்கள் மட்டும் வெளியே தெரியும், விரலைப் பிரித்துக் காட்ட முடியாது. முன்னங்கால் கொஞ்சம் தட்டையாக, கெட்டியான செதில்களால் மூடியிருக்கும். அது மண்ணைத் தோண்டுவதற்கு. இந்தக் கால்களால் தண்ணீரைத் தள்ள முடியாது. ஓட்டின் உயரத்தை வைத்து முடிவு செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். நில ஆமைகளுக்குப் பெரும்பாலும் ஓடு மேடாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஆப்பிரிக்காவில் தட்டை ஓட்டோடு பாறை இடுக்கில் வாழும் நில ஆமையும் உண்டு. அதனால் காலை நம்புவதே நல்லது.

தண்ணீரில் போட்டதும் என்ன நடக்கிறது? முதலில் அது மிதக்கும். இதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். ஆமையின் நுரையீரல் முதுகு ஓட்டுக்கு நேர் கீழே, ஓட்டின் நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. அதில் காற்று நிறைந்திருக்கும் வரை உடம்பு மேலே நிற்கும். கால்களையும் அது ஆட்டும். “பாருங்க, நீந்துது” என்று வீட்டில் எல்லோரும் கைதட்டி வீடியோ எடுப்பார்கள். எனக்கு அப்படி வந்த வீடியோக்களில் நான் பார்ப்பது தரை தேடித் தவிக்கிற ஒரு உயிரை. கழுத்து முழுதாக நீண்டிருக்கும், மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்கும், நான்கு கால்களும் நடக்கிற அதே அசைவில் வீணாக அடித்துக்கொண்டிருக்கும்.

அடுத்து நடப்பதைப் புரிந்துகொள்ள ஆமை மூச்சுவிடும் விதம் தெரிய வேண்டும். நமக்கு மூச்சு இழுக்கும்போது விலா விரியும். ஆமையின் விலா எலும்புகள் ஓட்டோடு ஒட்டி இறுகிவிட்டன, விரிய வழியில்லை. வயிற்றுப் பக்கத்துத் தசைகளையும் கால்களின் அசைவையும் கொண்டுதான் அது காற்றை இழுத்து வெளியே விடுகிறது. ஆமையைச் சட்டென்று தூக்கினால் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வருமே, கேட்டிருக்கிறீர்களா? பலரும் அது கோபத்தில் சீறுகிறது என்று பயப்படுவார்கள். உண்மையில் பயந்த ஆமை தலையையும் கால்களையும் உள்ளே இழுக்கும்போது நுரையீரல் நெருக்குண்டு காற்று வெளியேறும் சத்தம் அது. தண்ணீரில் பயந்தால் அதே காரியம் அங்கும் நடக்கும். காற்று போய்விட்டால் மிதக்கும் பலமும் போய்விடும். ஓடும் எலும்புமான அந்த உடம்பு நேராக அடியில் போய் உட்கார்ந்துவிடும். வழவழப்பான பிளாஸ்டிக் டப்பின் சுவரில் ஏற முடியாது. கொஞ்ச நேரம் மூச்சை அடக்கும். பிறகு தண்ணீரை இழுக்கும்.

நீந்துவதில் கெட்டிக்கார ஆமைக்கும் காற்று வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கடலிலேயே வளர்ந்த உயிர்கள்தான். இழுவலையில் சிக்கி மேலே வந்து மூச்சுவிட முடியாமல் போனால் அவையும் மூழ்கித்தான் சாகின்றன. செவுள் எந்த ஆமைக்கும் கிடையாது.

விவரம் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: அப்படியானால் நடுக்கடலில் இருக்கும் கலாபகஸ் தீவுகளுக்கு அந்தப் பெரிய நில ஆமைகள் எப்படிப் போயின? நல்ல கேள்வி. தென்னமெரிக்கக் கரையிலிருந்து பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் நீரோட்டத்தோடு மிதந்து போயின என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்வது. 2004 டிசம்பரில் தான்சானியாவின் கிம்பிஜி என்ற ஊர்க் கரையில் ஒரு ராட்சத நில ஆமை கடலிலிருந்து தள்ளாடியபடி ஏறி வந்தது. அதன் சொந்த ஊர் செஷல்ஸைச் சேர்ந்த அல்டாப்ரா தீவு. இடையில் சுமார் 740 கிலோமீட்டர் கடல். எலும்பும் தோலுமாக மெலிந்திருந்தது. கால்களிலும் ஓட்டின் கீழ்ப்பகுதியிலும் கொட்டலசுகள் ஒட்டி வளர்ந்திருந்தன. அவற்றின் வளர்ச்சியை வைத்துப் பார்த்தால் ஆறேழு வாரமாவது அது கடலில் கிடந்திருக்க வேண்டும். பெரிய உடம்பு, பெரிய நுரையீரல், உயரே தூக்கிப் பிடிக்கக்கூடிய நீண்ட கழுத்து, பல வாரம் பட்டினி தாங்கும் சக்தி, இத்தனையும் சேர்ந்ததால் அது பிழைத்தது. மிதந்ததே தவிர நீந்தவில்லை. அதைக் கொண்டுபோய் உள்ளங்கை அளவு குட்டியோடு ஒப்பிடக் கூடாது.

மூழ்கிய ஆமையை எப்படிக் காப்பாற்றுவது என்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் வீட்டாரின் கை வேகம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது.

அம்பத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். சல்காட்டா என்ற நில ஆமை இனக் குட்டி, என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. துணி ஊறவைக்கும் டப்பில் குளிக்க விட்டிருக்கிறார்கள். சிலிண்டர் வந்ததென்று வாசலுக்குப் போன அந்த அம்மா, பணம் கொடுத்துத் திரும்பி வந்து பார்த்தபோது ஆமை அடியில் கிடந்திருக்கிறது. துண்டில் சுற்றி எடுத்து வந்தார்கள். கழுத்து துவண்டு தொங்கியது. மூக்குத் துவாரத்தில் ஒரு நீர்க்குமிழி நின்றது. கண் பாதி திறந்திருந்தது, தொட்டால் மூடவில்லை.

தலை கீழ்ப்பக்கம் இருக்கும்படி அதைச் செங்குத்தாகப் பிடித்தேன். தாடைக்குப் பின்னால் விரல் வைத்துக் கழுத்தை மெல்ல வெளியே இழுத்து நீட்டி, கணவரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு முன்னங்கால் இரண்டையும் வெளியே இழுத்து, மறுபடி உள்ளே தள்ளி, நிதானமாக அதையே செய்தேன். கால் அசைந்தால் நுரையீரலும் அசையும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த வழிதான் இங்கே கை கொடுக்கிறது. முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு வாயோரத்தில் தண்ணீர் சொட்டியது. தொடர்ந்து நுரையோடு கொஞ்சம் ஒழுகியது. டாப்ளர் கருவியைக் கழுத்தருகே வைத்தபோது இதயத்தின் சத்தம் மிக மெதுவாகக் கேட்டது. ஊர்வனவற்றில் உயிர் போனதுபோல் தோன்றிய பிறகும் இதயம் நெடுநேரம் துடித்துக்கொண்டிருக்கும். அதனால் நான் விடவில்லை. பின்னங்கால் ஒன்று சுருங்கி உள்ளே போனதை அந்த அம்மாதான் முதலில் பார்த்தார். “காலை இழுக்குது டாக்டர்!” என்று கத்தினார். ஆக்சிஜன் வைத்தோம். அடுத்து எக்ஸ்ரே எடுத்து, ஆன்டிபயாடிக் ஊசி தொடங்கினோம். அது பிழைத்துக்கொண்டது.

மூச்சு திரும்பியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஆமையால் நம்மைப்போல் இருமி நுரையீரலைச் சுத்தம் செய்ய முடியாது. உள்ளே போன அழுக்குத் தண்ணீர் அங்கேயே தங்கி, சில நாள் கழித்து நிமோனியாவாக வெளிப்படும். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுவது, கழுத்தை நீட்டி நீட்டி இழுப்பது, தீனியைத் தொடாமல் இருப்பது, இவை தெரிந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆமை நன்றாக நடமாடினாலும் தண்ணீரில் மூழ்கியது என்றால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. மல்லாக்கப் போட்டு வயிற்றை அமுக்க வேண்டாம். ஹேர் டிரையரோ ஹீட்டரோ காட்ட வேண்டாம். உடம்பு சூடேறினால் அதன் ஆக்சிஜன் தேவை கூடும், மூச்சே சீராகாதபோது அது ஆபத்து. அசைவில்லை என்பதற்காக இறந்துவிட்டதாக முடிவு கட்டிப் புதைத்துவிடவும் வேண்டாம். கொண்டுவாருங்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சிலர் பயந்துபோய்த் தண்ணீரே காட்டாமல் விட்டுவிடுகிறார்கள். அதுவும் கெடுதல். நில ஆமைக்குத் தண்ணீர் அவசியம் வேண்டும், ஆழம்தான் கூடாது. மேல் ஓடும் அடி ஓடும் பக்கவாட்டில் சேரும் இடம் இருக்கிறதே, தண்ணீர் அதைத் தாண்டக் கூடாது. தலையைச் சாதாரணமாக வைத்திருக்கும்போது தாடை நனையாமல் இருக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், ஏறக்குறைய 30 டிகிரி, பதினைந்து இருபது நிமிடம். குட்டிகளுக்குத் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள். வளர்ந்ததற்கு வாரம் ஒருமுறை போதும். சென்னைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மே மாதத்தில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் கொதித்துக்கொண்டு வரும். மணிக்கட்டில் ஊற்றிப் பார்க்காமல் ஆமையை அதில் வைக்காதீர்கள். மார்கழியில் அதே குழாயில் ஜில்லென்று வரும். கொஞ்சம் வெந்நீர் கலந்துகொள்ளுங்கள்.

இப்படி ஊறும்போது ஆமை தலையைத் தாழ்த்தி நெடுநேரம் குடிக்கும். கூடவே மலமும், வெள்ளைப் பசைபோன்ற யூரேட்டும் கழிக்கும். அந்த வெள்ளை குழைவாக இருந்தால் நல்லது. மணல் மணலாக வந்தால் உடம்பில் நீர் போதவில்லை என்று பொருள். அதைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீர்ப்பையில் கல்லாகிவிடும். சிறுநீர்ப்பைதான் வறண்ட நாட்டு ஆமையின் தண்ணீர்ச் சேமிப்பு. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்து ஆமை மழையில் குடித்து அங்கே சேர்த்து வைத்துக்கொண்டுதான் வறட்சியைக் கடக்கிறது. பயந்தால் அத்தனையையும் கொட்டிவிடும். அதனால்தான் காட்டில் காண்கிற ஆமையைக் காரணமில்லாமல் தூக்காதீர்கள் என்று அங்கே சொல்கிறார்கள்.

ஊறிய தண்ணீரைச் சமையலறை சிங்க்கில் ஊற்ற வேண்டாம், கழிவறையில் ஊற்றுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆமைகளின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும். சிறுபிள்ளைகளுக்கு அது பரவியதால்தான் அமெரிக்காவில் 1975-லேயே நான்கு அங்குலத்துக்குக் குறைந்த குட்டிகளை விற்கத் தடை போட்டார்கள்.

நாள் முழுக்க வைக்கிற குடிநீருக்கு, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டைவிடச் சிறந்தது எதுவும் எனக்குத் தெரியவில்லை. சொரசொரப்பாக இருக்கும், ஆழம் இருக்காது, கவிழாது. அதன் விளிம்பு தரையோடு தரையாக வரும்படி மண்ணில் பதித்துவிடுங்கள். விளிம்பு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் ஆமை அதில் ஏறி இறங்கும்போது புரண்டுவிடும். புரள்வது என்பது ஆமைக்குச் சின்ன விஷயம் அல்ல. ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் டோமோகோஷ், பீட்டர் வார்கோனி என்ற இருவர், எப்படி வைத்தாலும் தானாக நிமிர்ந்து ஒரே நிலையில் வந்து நிற்கும் ஒரு திண்ம வடிவத்தை 2006-ல் உருவாக்கிக் காட்டினார்கள். பிறகு ஆமை ஓடுகளை அளந்தபோது, நம் நட்சத்திர ஆமையின் ஓடு அந்த வடிவத்துக்கு மிக நெருங்கி வருவதைக் கண்டார்கள். மேடான அந்த ஓட்டின் பயன் அதுதான்: தரையில் புரண்டால் அதிகச் சிரமமில்லாமல் எழுந்துகொள்ளும். ஆனால் இரண்டு அங்குலத் தண்ணீரில் புரண்டால் தலை கீழே போய்விடும். கால் உந்துவதற்குப் பிடிமானம் கிடைக்காது. ஆழமில்லாத தட்டில்கூட ஆமை மூழ்குவது இப்படித்தான்.

வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டியவை இன்னும் சில. மூடி சரியாகப் பொருந்தாத சம்ப், தோட்டத்துத் தாமரைத் தொட்டி, மழைநீர் வடிகால், மாடி வீடுகளில் நீச்சல் குளம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முற்றத்து ஆமைகளை உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். ஆமை பள்ளமான மூலையில், தானே தோண்டிய குழியில் போய்த்தான் படுக்கும். இரவில் அங்கே தண்ணீர் ஏறும். குளிரில் அதன் உடம்பு மந்தமாகியிருக்கும். எழுந்து ஓட வராது.

வளர்ப்பு ஆமை என்று பேசும்போது சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது குற்றம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. 2019-ல் உலக அளவிலும் அதன் வணிகத்துக்கு மிகக் கடுமையான தடை வந்தது. ஆனாலும் அதிர்ஷ்டம் வரும், வாஸ்து தோஷம் போகும் என்று சொல்லி விற்கிறார்கள். விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாகப் பிடிபடுகிறது. சல்காட்டா போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் 2024-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்குமுன் இன்னொன்றையும் யோசியுங்கள். சஹாராவின் தெற்கு ஓரத்தில் வாழும் அந்த ஆமை நாற்பது ஐம்பது கிலோ வரை வளரும். அடுக்குமாடி வீட்டில் அதற்கு இடம் கிடையாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வீட்டு ஆமைகளைவிடக் காட்டு ஆமைகளின் கதி. ‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்ற பேச்சு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கொல்லையில் ஒரு நட்சத்திர ஆமை தென்பட்டால், அடித்துக் கொல்ல மனம் வராத நல்லவர்கள் என்ன செய்கிறார்கள்? மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டு, கோயில் தெப்பக்குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். புண்ணியம் என்று நினைத்துத்தான் விடுகிறார்கள். நாலு பக்கமும் கற்சுவர், ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர். முள்காட்டில் புல்லும் பழமும் தின்று திரிந்த உயிர் அங்கே எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கும்?

தெற்கே மானாவாரி நிலம் வைத்திருக்கும் என் மாமா ஒருநாள் காலையில் போன் செய்தார்.

“ஏம்மா, உழவுல ஒரு ஆமை கெடச்சிருக்கு. முதுகெல்லாம் கோலம் போட்டாப்ல இருக்கு. கம்மாயில விட்டுறட்டுமா?”

“வேண்டாம் மாமா. காலைப் பாருங்க, வெரலுக்கு நடுவுல சவ்வு இருக்கா?”

“இல்லையேம்மா. கட்டையா, குட்டையால்ல இருக்கு.”

“அப்ப அது நெலத்துல இருக்கறது. நிழலா ஒரு கூடையில வச்சுட்டு ஃபாரஸ்ட்டுக்குச் சொல்லுங்க.”

வனக்காவலர் வந்து பார்த்துவிட்டு, காயம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதே வயலை ஒட்டிய முள்காட்டில் விட்டார். அவர் மாமாவின் பண்ணைக்குட்டையையும் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னாராம். கறுப்புத் தார்ப்பாய் விரித்த குட்டை அது. அப்படிப்பட்ட குட்டையிலும், சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றிலும் விழுகிற ஆமை, உடும்பு, கீரி எதுவுமே வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் செத்துப்போகிறது. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுவதுதான் வழி. குட்டைக்கு அவ்வளவு செலவு ஆகாது. அவர் சொன்னபடியே மாமா எதிரெதிர் மூலைகளில் பழைய நைலான் வலையைக் கரையிலிருந்து அடிவரை சரிவாக இறக்கி, மேல் நுனியை முளையில் கட்டி, மணல் மூட்டைகளைப் படிப்படியாக அடுக்கிவைத்தார். கோடையில் தண்ணீர் இறங்கினாலும் வலை எட்டும்படி நீளம் விட்டிருக்கிறார். வலைக்கண் சிறியதாக இருக்க வேண்டும், பெரிய கண்ணில் கால் மாட்டிக்கொள்ளும் என்று பக்கத்து வயல்காரர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.